குடல் அடைப்பு நோயாளிக்கு வாந்தி ஊசி எழுதும் முன்

பேலியேட்டிவ் வார்டுக்கு, அதாவது தீராத நோயின் வேதனையைத் தணிக்கும் பிரிவுக்கு, புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி நாங்களும் ஒரு காலத்தில் செய்தவைதான், அதனால் ரொம்பத் திட்டவும் முடியாது. ஊசிக்கு முன் பெயரைச் சரிபார் என்கிற ரகமெல்லாம் இங்கே வேண்டாம். சினைப்பை, பெருங்குடல் புற்றுநோய் முற்றி, குடல் அடைத்து, இனி ஆபரேஷன் தாங்காது என்று முடிவான பிறகு நடப்பவை மட்டும்.

வாந்தி என்றதும் மெட்டோகுளோபிரமைடு

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். அது வாந்தியை மட்டும் அடக்குவதில்லை, இரைப்பையையும் சிறுகுடலையும் முடுக்கியும் விடும். பாதி அடைப்பில், முறுக்கு வலி இல்லையென்றால், நல்ல மருந்து. முழு அடைப்பில் கொடுத்தால், பூட்டிய கதவை நோக்கிக் கூட்டத்தைத் தள்ளுகிற கதை. வலி கூடும், குடல் ஓட்டையாகும் ஆபத்தும் உண்டு.

வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அம்மா வந்தார். சினைப்பைப் புற்றுநோய். மெலிந்த வயிற்றில் குடல் புரள்வது தோலுக்கு மேலேயே தெரிந்தது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இந்த ஊசி. வாந்தி நிற்கவில்லை என்று டோஸையும் கூட்டியிருந்தார்கள். "ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல அம்மா சுருண்டுக்குறாங்க டாக்டர், அது மட்டும் வேணாம்" என்றார் மகள். அங்கேயும் சொல்லிப் பார்த்திருக்கிறார், யாரும் காதில் வாங்கவில்லை. கேஸ் ஷீட்டில் பக்கத்துக்குப் பக்கம் ‘வாந்தி’ என்று இருந்ததே தவிர, காற்று பிரிகிறதா, வலி விட்டுவிட்டுப் பிசைகிறதா என்று ஒரு வரி இல்லை. எந்த மருந்து என்பதை முடிவு செய்வதே அந்த இரண்டு கேள்விதான்!

அதை நிறுத்திவிட்டு பஸ்கோபான், வாந்தியை அடக்கும் ஹாலோபெரிடால், வலிக்கு மார்ஃபின் மூன்றையும் தோலுக்கடியில் கொடுத்தோம். மருந்தைச் சீராகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் இல்லையென்றாலும் ஒரு பட்டர்ஃபிளை ஊசியைக் குத்தி ஒட்டிவிட்டு வேளாவேளைக்கு ஏற்றலாம். பஸ்கோபான் நாளைக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை போகும். முறுக்கைத் தளர்த்தும், சுரப்பையும் குறைக்கும். எச்சில், இரைப்பை நீர், பித்தம் என்று தினமும் ஏழெட்டு லிட்டர் குடலுக்குள் இறங்குகிறது, அடைத்துக்கொண்டால் அது போக இடமின்றி மேலேதான் வரும். அந்த அம்மாவுக்கு வாந்தி முழுதாக நிற்கவில்லை, நாளைக்கு ஒன்றிரண்டு வந்தது. ஆனால் சுருண்டு படுப்பது நின்றது.

அப்புறம் இன்னொன்று, மெட்டோகுளோபிரமைடு, பஸ்கோபான் இரண்டையும் சேர்த்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். குடலை ஓட்டும் மருந்தின் வேலையை பஸ்கோபான் கெடுத்துவிடும், பிறகு எதற்கு இரண்டும்?

மலவாயில் விரல் வைத்துப் பார்க்காமல் ‘அடைப்பு’ என்று எழுதுவது

மார்ஃபினால் இறுகிய மலமாக இருக்கலாம்.

சென்னா, பிசகோடில்

குடலை முடுக்கும் மலமிளக்கிகள் இவை. முழு அடைப்பில் நிறுத்துங்கள்.

வாந்தி எடுப்பவருக்கு மார்ஃபின் மாத்திரை

எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. வாய்வழி டோஸில் பாதியைத் தோலுக்கடியில் கொடுங்கள்.

ஆக்ட்ரியோடைடுக்காக வீட்டாரைக் கடன் வாங்க வைப்பது

இந்த ஊசி குடல் சுரப்பைக் குறைக்கும், உண்மை. ஆனால் 2015-இல் வெளிவந்த ஆய்வில், வீக்கம் குறைக்கும் டெக்சாமெத்தசோனும் இரைப்பை அமிலம் குறைக்கும் ரானிடிடினும் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இதையும் சேர்த்துப் பார்த்தபோது, வாந்தியில்லாத நாட்கள் கூடவில்லை. சிலருக்குக் கேட்கிறது என்று நம்புகிறவர்கள் உண்டு, நானும் எப்போதாவது எழுதுவேன். முதல் நாளே எழுத மாட்டேன்.

டிரிப்ஸும் ரைல்ஸ் டியூபும்

"ஒண்ணும் சாப்பிடலையே, ஒரு பாட்டிலாவது ஏத்துங்க" என்று வீட்டார் கேட்பார்கள். நாளைக்கு ஒரு லிட்டர், சரி. மூன்று லிட்டர் ஏற்றினால் சுரப்பும் வீக்கமும்தான் கூடும். வாய் வறட்சிக்கு வாயைத்தான் கவனிக்க வேண்டும்: ஈரத்துணி, ஐஸ் துண்டு. மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் டியூப், தேங்கியதை இறக்க முதலில் உதவும். மருந்து பிடித்து வடிவது குறைந்ததும் எடுத்துவிடுங்கள்.

‘வாய்வழி எதுவும் கூடாது’ போர்டு

ஆபரேஷனுக்கே போகாதவருக்கு எதற்கு? இரண்டு வாய் காபியோ ரசமோ கேட்டால் கொடுங்கள். திரும்ப வந்துவிடலாம் என்று அவரிடமும் வீட்டாரிடமும் முன்பே சொல்லிவிட்டால், வந்தாலும் யாரும் பதற மாட்டார்கள்.