பழைய பொருளை ஆன்லைனில் விற்பவர்கள் பணத்தை எங்கே விடுகிறார்கள்

வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5 ரூபாய் நாணயத்துக்குப் பத்து லட்சம், 786 என்ற எண் வரும் ரூபாய்த் தாளுக்கு மூன்று லட்சம் என்று சொல்லும் வீடியோக்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நம்பி உண்டியலை உடைத்தவர்கள் பலர். அந்த 5 ரூபாய், அரசு நாணயச்சாலைகள் அடித்துப் புழக்கத்தில் விட்ட காசு. தேயாமல் பளபளப்பாக இருந்தால் முகமதிப்புக்கு மேல் ஏதோ கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். 786 தாளை ஆசைப்பட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அதற்கு அவர்கள் கொடுப்பது நூற்றுக்கணக்கில் இருக்கும், லட்சக்கணக்கில் இருக்காது.

அந்த வீடியோக்களுக்கு அடியில் ஒரு வாட்ஸ்அப் எண் இருக்கும். அழைத்தால் பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும்கூடக் காட்டுவார்கள். பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, இதற்காக எவரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கையே விட்டது. விற்பவரிடமே பணம் கேட்கும் ஆள், வாங்க வந்தவர் இல்லை.

இதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பழைய பொருள் வியாபாரம் நிஜமாகவே நடக்கிறது. நாணயம், தபால்தலை, கைக்கடிகாரம், காமிக்ஸ், செட்டிநாட்டு எனாமல் பாத்திரம் என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. ஆனால் மளிகைக் கடையில் சரக்கைப் பற்றி விற்பவருக்குத்தான் கூடுதலாகத் தெரியும்; இங்கே நிலைமை தலைகீழ். முப்பது வருடமாக ஒரே வகைக் காசைச் சேர்த்துவரும் ஒருவர், நீங்கள் போன வாரம் வாங்கிய பொருளைப் படத்தில் பார்த்தே எடை போட்டுவிடுவார். புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

கேட்ட விலையும் கொடுத்த விலையும்

ஓஎல்எக்ஸில் ஒருவர் தன் பாட்டியின் வெள்ளி ரூபாய்க்கு 50,000 போட்டிருக்கிறார் என்பதால் அதன் விலை 50,000 ஆகிவிடாது. அது அவருடைய ஆசை. அந்த விளம்பரம் எட்டு மாதமாக அங்கேயே கிடப்பதைக் கவனியுங்கள். பார்க்க வேண்டியது முடிந்த விற்பனைகளின் விலையை. ஈபே தன் இந்தியத் தளத்தை 2018இல் மூடிவிட்டாலும், உலகத் தளத்தில் விற்றுப்போன பொருள்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி இன்றும் உண்டு. இந்திய நாணய ஏல நிறுவனங்களும் ஒவ்வோர் ஏலத்துக்குப் பிறகும் எந்தக் காசு என்ன விலைக்குப் போனது என்பதை வெளியிடுகின்றன. ஒரு மாலை நேரம் அதை உட்கார்ந்து படித்தால் பாதி மாயை தெளிந்துவிடும்.

விக்டோரியா ராணியின் 1862 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 160 வருடப் பழமை என்பதால் அரியது என்று நினைப்போம். ஆனால் 1874ஆம் ஆண்டு பொறித்த காசு வரும்வரை, அடித்த ரூபாய்கள் அத்தனையிலும் 1862 என்றே இருந்தது. அதனால் இந்த ஆண்டுக் காசு ஊரெல்லாம் கிடக்கிறது. ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. தேய்ந்த ரூபாய் என்றால் அதிலிருக்கும் பத்தரை கிராம் சொச்சம் வெள்ளியின் அன்றைய விலைக்கு மேல் கொஞ்சம்தான் தேறும். அதே 1862இல் மணி போன்ற சிறு புள்ளிகளின் எண்ணிக்கையும் பூவேலைப்பாடும் மாறும் வகைகள் பல உண்டு. அவற்றில் சிலவற்றுக்குப் பல மடங்கு விலை. எந்த வகை என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே விலைக்குப் போடுபவரிடமிருந்து, தெரிந்தவர் அந்த ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வார். மிச்சம் உங்களிடமே இருக்கும்.

1911இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்கு நேர்மாறான கதை. மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால் அதைத் திரும்பப் பெற்று, அடுத்த ஆண்டு படத்தைத் திருத்தினார்கள். அதனால் வயதில் இளையதானாலும் 1862ஐவிட அதை விரும்பித் தேடுகிறார்கள். இப்படி விலைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்க வேண்டும். பழையது என்பது மட்டும் காரணம் ஆகாது.

புளி போட்டுத் துலக்காதீர்கள்

இந்த வியாபாரத்தில் மிக அதிகப் பணம் வீணாவது வீட்டுக் கொல்லையில். செம்பைப் புளியாலும் வெள்ளியை விபூதியாலும் துலக்கிப் பழகிய கை நம்முடையது. விற்பதற்கு முன் பொருள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பழைய செப்புக்காசின் மேல் படிந்த பழுப்பு, வெள்ளியின் மேல் படிந்த கருநீலம் ஆகியவைதாம் சேகரிப்பவர் தேடும் தோல். புளியின் அமிலம் அதை உரித்துவிடும். பற்பசையும் பீதாம்பரியும் நுண்ணிய கீறல்களை விட்டுச் செல்லும். நாணயங்களைத் தரம் பிரித்துச் சான்று அளிக்கும் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்கள் துலக்கிய காசுக்குத் தர எண் கொடுக்காமல், துலக்கப்பட்டது என்றே எழுதி அனுப்பிவிடும். அதற்குப் பிறகு அதை எவ்வளவு அழகாகப் படம் எடுத்தாலும் பயனில்லை.

இதே தவறு வேறு வேடங்களிலும் வரும். பழைய ரூபாய்த் தாளை லேமினேட் செய்வது, கிழிந்த காமிக்ஸ் அட்டையில் செல்லோடேப் ஒட்டுவது, தபால்தலையை உறையிலிருந்து உரித்து எடுப்பது எல்லாம் இந்த ரகம்தான். கடைசியாகச் சொன்னதில் ஒரு கூடுதல் வலி உண்டு: சில சமயம் தபால்தலையைவிட அஞ்சல் முத்திரையோடு கூடிய அந்த உறைக்குத்தான் மதிப்பு. காசுகளை மலிவான பிவிசி உறைகளில் போட்டு வைத்தால், சென்னை வெயிலில் பச்சையாக ஒரு பிசின் படிந்து காசையே அரித்துவிடும்.

புத்தகத்தில் நம்மூருக்கே உரிய ஒரு வகை இருக்கிறது. வார இதழில் வந்த தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்து வீட்டிலேயே பைண்டு செய்த தொகுப்புகள். 1950 முதல் 1954 வரை கல்கியில் மணியத்தின் ஓவியங்களோடு வந்த பொன்னியின் செல்வன் பைண்டிங்குகளை இன்றும் தேடுகிறார்கள். கதை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அவர்களுக்கு வேண்டியது அந்தத் தாளும் அந்த ஓவியமும். அதைப் புதுசாக்குகிறேன் என்று ஓரங்களை வெட்டி மறுபடி பைண்டு செய்யும்போது படத்தின் விளிம்பும் சேர்ந்து போய்விடுகிறது. அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாவல் நாட்டுடைமை ஆனதால், அதற்கு வரைந்த ஓவியமும் பொதுச்சொத்து ஆகிவிட்டது என்று பொருள் இல்லை.

போலி

எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலைகளை மூட 2016இல் அரசு முடிவெடுத்த பிறகு, ஜனதா, பைலட் போன்ற சாவி கொடுக்கும் கடிகாரங்களுக்குத் தேவை கூடியது. தேவை கூடினால் வரவும் கூட வேண்டுமே! பழைய எந்திரத்தின் மேல் புதிதாக அச்சிட்ட முகப்பைப் பொருத்தி, தொழிற்சாலை கனவிலும் காணாத நிறங்களில் விற்கிறார்கள். சேகரிப்பவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘மும்பை ஸ்பெஷல்’. கட்டிக்கொள்ள ஆசைப்படுபவருக்கு அதையே, முகப்பு மாற்றியது என்று சொல்லி விற்பதில் குற்றம் ஒன்றுமில்லை. ‘ஒரிஜினல் விண்டேஜ்’ என்று எழுதி விற்றால்தான் பொருள் திரும்பி வரும், கூடவே உங்கள் பெயர் சேகரிப்பாளர் குழுக்களில் சுற்ற ஆரம்பிக்கும். அந்தக் குழுக்கள் சின்னவை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

ராமர், அனுமன் உருவங்களோடு 1818 என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் பொறித்த செப்புக்காசு இன்னொன்று. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. (சென்னையில் கம்பெனி அடித்த தங்க நட்சத்திர வராகனில் விஷ்ணு உருவம் உண்டு. அதனால்தான் இந்தப் பொய் எளிதாக நம்பப்படுகிறது போலும்.) இப்படிப்பட்ட காசுக்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்று கட்டிய கதைதான் ‘ரைஸ் புல்லிங்’ மோசடியாக வளர்ந்து, தமிழ்நாட்டில் பலரைக் காவல் நிலையம் வரை கொண்டுபோனது.

சோதிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசும், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் போதும். வெள்ளி ரூபாய் 11.66 கிராமிலிருந்து, தேய்மானத்தையும் தாண்டி, வெகுவாக விலகினால் வாங்காதீர்கள். காந்தத்தில் ஒட்டவில்லை என்பது ஒரு சோதனையே இல்லை. வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வரும் ஒட்டாது. 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் ஓலியோகிராஃப் (கல் அச்சு வண்ணப்) படம் என்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலோ வேறெங்கோ ஒன்று கிடைத்தால் லென்ஸால் பாருங்கள். கல் அச்சில் மணல் தூவியதுபோல ஒழுங்கற்ற பொடிப்புள்ளிகள் தெரியும். வரிசை பிசகாத வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது இக்கால ஆஃப்செட். தாளின் பழுப்பு நிறத்தை வைத்துப் பழசு என்று நம்பாதீர்கள், அதை வரவழைக்கத் தேநீரே போதும்.

படமும் விவரமும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். இரண்டு பக்கமும், விளிம்பும், குறை இருக்கும் இடமும் பகல் வெளிச்சத்தில் தெரிய வேண்டும். குறையை நீங்களே வட்டமிட்டுக் காட்டினால் பேரம் குறையும், திரும்பி வருவதும் குறையும். கேமரா லென்ஸில் பூஞ்சை இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள். கடற்கரை ஊர்களில் அது இல்லாத பழைய லென்ஸ் அபூர்வம் என்பது வாங்குபவருக்கும் தெரியும். ‘வேலை செய்கிறதா என்று தெரியவில்லை’ என்ற வாசகத்தை அனுபவசாலிகள் ‘வேலை செய்யவில்லை’ என்றே படிப்பார்கள்.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த நாணயமும் சிற்பமும் ஓவியமும் தொல்பொருள்தான். கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டே போதும். தொல்பொருளை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு அனுமதியே இல்லை. மீறி அனுப்பினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. மேலே சொன்ன 1862 ரூபாயை அமெரிக்காவில் இருக்கும் ஒருவருக்கு அஞ்சலில் அனுப்புவது சாதாரண வியாபாரம் என்று நினைப்பவர்கள் இந்த வரியை மறுபடி படிக்கவும். பழைய உலோகச் சிலைகள் இதைவிடச் சிக்கலானவை. எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத சிலையைத் தொடவே வேண்டாம். தமிழ்நாடு காவல்துறையில் அதற்கென்றே ஒரு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு இருக்கிறது. தந்தப் பொருள்களை விற்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், தாத்தா காலத்துச் சீப்பாக இருந்தாலும்.

2016இல் செல்லாததான 500, 1000 ரூபாய்த் தாள்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, பின்னாளில் விலை ஏறும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. 2017இல் வந்த சட்டப்படி பத்துத் தாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ என்றால் 25 வரை. மீறினால் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பைப் போல் ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது அபராதம்.

பணம் கைக்கு வரும் வழி

விளம்பரம் போட்ட பத்தாவது நிமிடத்தில், பேரமே பேசாமல், பொருளைப் பார்க்காமல் ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்பார். தான் ராணுவத்தில் இருப்பதாக அடையாள அட்டை அனுப்புவார். பிறகு ஒரு க்யூஆர் குறியீடு வரும். ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணை (PIN) போட்டால் பணம் ஏறும் என்பார். யுபிஐயில் பணம் பெற அந்த ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு. உண்மையான சேகரிப்பாளர் இவ்வளவு அவசரப்பட மாட்டார். இன்னொரு படம் கேட்பார், எடை கேட்பார், ஒரு நாள் காணாமல் போவார், பிறகு வந்து விலையைக் குறைக்கச் சொல்வார்.

கணக்குக்கு வருவோம். 600 ரூபாய்க்கு ஒரு கடிகாரம் வாங்குகிறீர்கள். சர்வீஸும் வாருமாக 350, கூரியர் 90, பெட்டியும் பஞ்சுத்தாளும் 30. அடக்க விலை 1,070. அதை 1,200க்கு விற்றால், இரட்டிப்பு லாபம் என்று மனம் சொல்லும்; கையில் நிற்பது 130. பத்தில் ஒன்று வழியில் தொலைந்தாலும் மற்ற ஒன்பதும் சேர்த்துத் தந்த 1,170இல் மிஞ்சுவது வெறும் 100 ரூபாய். பழம்பொருளுக்கும் நாணயத்துக்கும் இழப்பீடு தர மாட்டோம் என்று நிபந்தனை போட்டிருக்கும் கூரியர்கள் உண்டு. ரசீதின் பின்பக்கத்தை அனுப்புவதற்கு முன்பே படியுங்கள். விற்பனை தளங்கள் பிடிக்கும் கமிஷனை இதில் நான் சேர்க்கவே இல்லை.

ஒவ்வொரு பொருளையும் எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு பெறும் அளவுக்கு வியாபாரம் வளர்ந்தால், பழைய பொருளை வாங்கி விற்பவர், உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்காத பட்சத்தில், முழு விலைக்கு அல்லாமல் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்ட விதி 32(5) இடம் தருகிறது. வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லாதவர் அந்த வித்தியாசத்தை எப்படிக் காட்டுவார்? காயலான் கடைக்காரர் ரசீது தர மாட்டார்தான். தேதி, தொகை, அவர் கையெழுத்து என்று ஒரு துண்டுச் சீட்டாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.