விண்டோஸில் எந்தக் கோப்பை எங்கே வைப்பது?

கோப்புகளை எங்கே சேமிப்பது என்பதை நான் நிரல் எழுத ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்துவிடுவேன். செயலி பலருடைய கணினிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இடத்தை மாற்றுவது பெரிய தலைவலி. பழைய கோப்பைத் தேடி எடுத்துவரும் நிரலையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும்.

முதலில், செயலிகள் நிறுவப்படும் ப்ரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறை வேண்டவே வேண்டாம். சாதாரணக் கணக்கில் இருப்பவர் அங்கே எழுத முடியாது. பழைய 32 பிட் செயலி எழுத முயன்றால், விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற கோப்புறைக்குத் திருப்பிவிடுகிறது. பயனர் திறந்து பார்க்கும் செட்டிங்ஸ் கோப்பு ஒன்று, செயலி படிப்பது வேறொன்று. இந்தக் குழப்பத்தைத் தொலைபேசியில் விளக்கிப் புரியவைப்பது லேசில்லை.

அப்புறம், ஒவ்வொரு கோப்பைப் பற்றியும் ஒன்று கேளுங்கள்: இது தொலைந்தால் பயனருக்கு இழப்பா? குறிப்பெடுக்கும் செயலி என்றால், அவர் எழுதிய குறிப்புகள் அவருடைய சொத்து. அவற்றை டாக்குமென்ட்ஸில், அவர் கண்ணில் படும்படி வையுங்கள்; வேறு இடம் வேண்டுமென்றால் அவரே தேர்ந்தெடுக்கட்டும். கேஷ் (தற்காலிகச் சேமிப்பு), லாக் (செயல்பாட்டுப் பதிவு), தேடல் அட்டவணை போன்றவை அழிந்தால் செயலியே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். அவை, ஒவ்வொரு பயனருக்கும் தனியாக இருக்கும் ஆப்டேட்டா கோப்புறைக்குள் லோக்கல் என்ற கோப்புறையில் இருக்கட்டும். டாக்குமென்ட்ஸ் பலருக்கு மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைந்திருக்கும். ஓயாமல் மாறும் டேட்டாபேஸை அங்கே போட்டால் சிக்கல்தான்.

ஆப்டேட்டாவுக்குள்ளேயே இருக்கும் இன்னொரு கோப்புறையான ரோமிங்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ரோமிங் ப்ரொஃபைல் (பயனரின் அமைப்புகளை சர்வரில் வைத்திருக்கும் ஏற்பாடு) உள்ள அலுவலக நெட்வொர்க்கில், அந்தக் கோப்புறை பயனரோடு வேறு கணினிக்கும் போகும். எழுத்துரு, குறுக்குவிசைகள், சொந்த அகராதி ஆகியவற்றை அங்கே வைக்கலாம். சாளரம் திரையில் இருந்த இடத்தை மட்டும் வைக்காதீர்கள். இரண்டு மானிட்டர் உள்ள கணினியில் பதிவான இடம், மடிக்கணினியில் திரைக்கு வெளியே போய்விடும். செயலி திறக்கவே இல்லை என்றுதான் பயனர் நினைப்பார். பெரிய கோப்புகளும் வேண்டாம், உள்நுழைவு தாமதமாகும். சந்தேகம் இருந்தால் லோக்கலையே எடுங்கள்.

எல்லாப் பயனர்களுக்கும் பொதுவானது ப்ரோகிராம்டேட்டா என்ற கோப்புறையில். ஆனால் ஒருவர் உருவாக்கிய கோப்பை இன்னொருவர் படிக்கலாமே தவிர, இயல்பாகத் திருத்த முடியாது. திருத்த வேண்டுமென்றால் நிறுவும்போதே அனுமதியை அமைத்துவிடுங்கள்.

சரி, பாதையை எப்படி எடுப்பது? 'சி டிரைவ், யூசர்ஸ்' என்று நிரலில் நேரடியாக எழுதாதீர்கள். டாட்நெட்டில் என்விரான்மென்ட் வகுப்பின் கெட்ஃபோல்டர்பாத்தும், சி++இல் எஸ்ஹெச்கெட்நோன்ஃபோல்டர்பாத்தும் சரியான இடத்தைச் சொல்லிவிடும். அதற்குள் உங்கள் நிறுவனத்தின் பெயரிலும் செயலியின் பெயரிலும் கோப்புறை போடுங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும் கோப்புறை என்பதால், மெனுவில் 'டேட்டா கோப்புறையைத் திற' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

வெளியிடும் முன், நிர்வாகி உரிமை இல்லாத ஒரு கணக்கைத் தமிழ் எழுத்தில் பெயர் வைத்து உருவாக்கி, அதில் செயலியை ஓட்டிப் பாருங்கள். பாதையில் வரும் தமிழ் எழுத்தில் தடுக்கி விழுந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.