தீவுகளுக்குப் படகில் போகும் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாய்மரப் படகில் இரண்டு பேர் மட்டும் குடித்தனம் நடத்தினோம் என்று சொன்னால், சத்துவாச்சாரியில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் முதல் கேள்வி, "புயல் வந்தா என்னம்மா செய்வீங்க?" என்பதுதான். தென் பசிபிக்கில் புயல் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் அங்கே இல்லாமல் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. எங்களைப் படுத்தியது அட்டைப்பெட்டி.

கடையில் வாங்கிய சாமானைப் பெட்டியோடு படகில் ஏற்றாதீர்கள். அட்டை மடிப்புக்குள் கரப்பான் முட்டை வரும். படகில் கரப்பான் குடியேறினால் லேசில் காலி செய்யாது. கரையிலேயே பிரித்து, மூடி இறுகிய டப்பாவில் கொட்டிக்கொண்டு போங்கள். ஃபிரிட்ஜில் வைத்திருந்த காய்கறியும் வேண்டாம், வெளியே வைத்ததும் சீக்கிரம் அழுகும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நாங்கள் தப்பு செய்யவில்லை. பாலாறு மணலாகக் கிடக்கும் ஊரில் குடத்தை எண்ணி வளர்ந்தவர்கள் ஆயிற்றே! பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்து, கடைசியில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் அலசுவோம். ஆனால் கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின் இருக்கிறதே என்று கேன்களைக் காலியாக வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மெஷின் நின்றால் நடுக்கடலில் மெக்கானிக் கிடைக்கமாட்டார்.

மீன் வேறு கதை. செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கும் நம்மூர்ப் பழக்கம் அங்கே செல்லாது. பவளத் திட்டுகளில் மேயும் பெரிய களவா, சீலா மாதிரி மீன்களில் சிகுவாட்டெரா என்ற நஞ்சு இருக்கலாம். மீன் பளபளவென்று இருக்கும், வாடை வராது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. சாப்பிட்டவருக்கு வாய் மரத்து, சில்லென்ற தண்ணீர் தொட்டால் சுடுகிற மாதிரி இருக்கும். எந்த மீன், எந்தப் பக்கம் பிடித்தது என்று அந்தத் தீவுக்காரர்களிடம் கேட்காமல் குழம்பு வைக்காதீர்கள்.

பவளத் தீவுக்குச் சாயங்காலம் போய்ச் சேருவதும் தப்பு. சூரியன் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருந்தால்தான் தண்ணீரின் நிறம் தெரியும்: கருநீலம் ஆழம், வெளிர் பச்சை மணல், பழுப்பு என்றால் பவளம். எதிர்வெயிலில் எல்லாம் ஒரே தகரம்.

அனுமதியில் அலட்சியம் கூடவே கூடாது. லட்சத்தீவுக்கு நமக்கே அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தமானின் வடக்கு சென்டினல் தீவை நெருங்கவே சட்டப்படி தடை. ஃபிஜியின் வெளித்தீவு கிராமங்களில் சீட்டு மட்டும் போதாது. ஊர்த் தலைவரிடம் ஒரு கட்டு காவா வேரை (இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஒரு செடியின் வேர்) வைத்துவிட்டுத்தான் நீந்துவதோ மீன் பிடிப்பதோ. தாம்பூலம் இல்லாமல் சம்பந்தி வீட்டுக்குப் போவோமா?

கடைசியாக, கத்திப் பேசுவது. ஒருநாள் நங்கூரம் போடும்போது நான் முன்பக்கம் நின்று ஆழம் பார்க்கிறேன், சங்கிலி விடும் சுவிட்ச் பின்னால் அவர் கையில். ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது சங்கிலி விடவேண்டும். அது வந்ததும் "போதுங்க!" என்று கத்தினேன். காற்றிலும் இன்ஜின் சத்தத்திலும் அவர் காதில் "போடுங்க" என்று விழுந்திருக்கிறது. மிச்சச் சங்கிலியும் கடகடவென்று இறங்கி ஒரு பவளப் பாறையைச் சுற்றிக்கொண்டது. மறுநாள் காலை அவர் முங்கி முங்கி எடுத்தார். அன்று மத்தியானம் வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் கைஜாடைதான்: விரலைக் கீழே காட்டினால் விடு, முஷ்டியை மடக்கினால் நிறுத்து.

ஊருக்குத் திரும்பியும் அது போகவில்லை. மொட்டைமாடியில் டேங்க் நிரம்பினால் எட்டிப் பார்த்து முஷ்டியைக் காட்டுகிறேன். கீழே அவர் மோட்டாரை நிறுத்துகிறார்.