ஓர் இரவு மட்டும் ஐரோப்பாவில்: விமானம் மாறும் இடைவெளியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில், பாஸ்போர்ட் சோதனை வரிசையில் எனக்கு முன்னால் ஓர் இளம் தம்பதி நின்றிருந்தார்கள். அடுத்த விமானத்துக்கு 14 மணி நேரம் இருக்கிறது, கால்வாய்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "தங்கை கல்யாணத்துக்கு டப்ளின் போகிறோம் அக்கா. திரும்பும்போது ஒரு வாரம் பாரிஸ்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விசாவைக் காட்டச் சொன்னேன். நான் பயந்தபடியே இருந்தது. அந்த வரிசையில் இன்னும் பத்துப் பேர் நகர்ந்திருந்தால் அவர்களுடைய பாரிஸ் பயணம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன். போனை சார்ஜ் செய்துகொள்ளுங்கள், பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் மற்றவற்றைச் சொல்கிறேன்.

விசாவில் கடைசித் தேதியை மட்டும் பார்ப்பது

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது ஷெங்கன் விசா. அதன் ஸ்டிக்கரில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். அதே ஸ்டிக்கரில் இன்னும் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, எத்தனை முறை நுழையலாம் என்பது: 01, 02 அல்லது பலமுறை என்பதைக் குறிக்கும் எழுத்துகள். இன்னொன்று, மொத்தம் எத்தனை நாள் தங்கலாம் என்பது. ஓர் இரவு ஊர் சுற்றக் கிளம்புகிறவரின் தலையெழுத்து இந்த இரண்டு கட்டங்களில்தான் இருக்கிறது.

2017 அக்டோபரில் வேலை நிமித்தமாக லண்டன் போனேன். வழியில் வியன்னாவில் விமானம் மாற வேண்டும். மாலையில் இறங்கி மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். லண்டன் வேலை முடிந்ததும் ரோமில் நான்கு நாள் இருப்பதாகத் திட்டம். அதற்காக இத்தாலியின் ஷெங்கன் விசா கையில் இருந்தது. விசா இருக்கிறதே என்று வியன்னாவில் தைரியமாக வெளியே வந்தேன். அதிகாரி முத்திரை குத்தினார், புன்னகையோடு அனுப்பினார். அவர் செய்தது முழுக்கச் சரி. நுழையும் உரிமை எனக்கு இருந்தது. அதை நான் அன்றைக்கே செலவழித்துக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து லண்டன் விமான நிலையத்தில், ரோம் விமானத்தின் செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். விசா பக்கம், முத்திரைப் பக்கம், மறுபடி விசா பக்கம். பிறகு 01 என்ற எண்ணின் மேல் விரலை வைத்து, "இது முடிந்துவிட்டது" என்றார். டிக்கெட், ஹோட்டல், முன்பதிவு செய்திருந்த நுழைவுச்சீட்டுகள் எல்லாம் போயின. அதோடு, அன்றே ஊர் திரும்பப் புது டிக்கெட் வேறு. பணத்தைவிட, அந்த ரோம் போனதே என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தவறு வியன்னாவில் தொடங்கவில்லை. விசா விண்ணப்பத்திலேயே தொடங்கிவிட்டது. எத்தனை முறை நுழைய வேண்டும் என்று அந்தப் படிவம் கேட்கிறது: ஒருமுறை, இருமுறை, பலமுறை. இத்தாலிக்கு ஒருமுறைதானே போகிறோம் என்று ஒருமுறையைக் குறித்துவிட்டேன். இரண்டு முறை என்று குறித்து, வியன்னா டிக்கெட்டையும் விண்ணப்பத்தோடு இணைத்திருக்க வேண்டும். விமானம் மாறும் இடமும் பயணத்தின் ஒரு பகுதி என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஷெங்கன் என்பது இப்போது 29 நாடுகள் சேர்ந்த பகுதி. விசாவைப் பொறுத்தவரை அது ஒரே வீடு. எந்த நாட்டின் வாசலில் நுழைந்தாலும் நுழைந்ததுதான். ஐரோப்பிய ஒன்றியமும் ஷெங்கனும் ஒன்றல்ல. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. ஆகவே வியன்னாவிலிருந்து லண்டனுக்கோ டப்ளினுக்கோ ஏறினால் அந்த வீட்டைவிட்டு வெளியேறியதாகிறது. திரும்பி வர இன்னொரு நுழைவு வேண்டும்.

நாள் கணக்கு இன்னும் கொடுமை. மாலை 6 மணிக்கு நுழைந்து மறுநாள் காலை 9 மணிக்கு வெளியேறினால் உங்களுக்கு அது 15 மணி நேரம். விசாக் கணக்கில் 2 நாள், ஏனென்றால் நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாள்களாகவே எண்ணப்படும். 8 நாள் விசாவில் 8 நாள் பயணம் போட்டு வைத்திருப்பவர், பலமுறை நுழையும் விசாவே வைத்திருந்தாலும், இந்த ஓர் இரவால் மாட்டிக்கொள்வார். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய முறையில் கைரேகையும் முகப்படமும் பதிவாகின்றன. நாள்களைக் கணினியே எண்ணிவிடும்.

நீங்கள் வெளியே போகாவிட்டாலும் நுழைவு செலவாகும் டிக்கெட்டுகள் உண்டு. பிராங்பர்ட்டில் இறங்கி, வியன்னாவில் மாறி, லண்டன் போகும் டிக்கெட் என்றால், பிராங்பர்ட்டிலிருந்து வியன்னாவுக்குப் போவது ஷெங்கனுக்குள் நடக்கும் பயணம். பிராங்பர்ட்டிலேயே பாஸ்போர்ட் சோதனையைக் கடந்தாக வேண்டும். இப்படி இரண்டு ஷெங்கன் ஊர்கள் அடுத்தடுத்து வரும் டிக்கெட்டை, விலை மலிவு என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள்.

அந்தத் தம்பதியிடம் இவ்வளவையும் வரிசையிலேயே சொன்னேன். அந்தப் பையன் முதலில் நம்பவில்லை. "விசா இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே அக்கா" என்றான். 01 என்று இருந்த அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினேன். இருவரும் வரிசையை விட்டு விலகி, சோதனையைத் தாண்டாத பகுதியிலேயே மணிக்கணக்கில் அறை தரும் ஒரு சிறிய ஹோட்டலில் தங்கிக்கொண்டார்கள். கால்வாய் போயிற்று, பாரிஸ் தப்பித்தது.

பெட்டி எங்கே போகிறது என்று கேட்காமல் இருப்பது

செக்-இன் செய்யும்போது பெட்டியில் ஒட்டும் பட்டையில் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும். அது கடைசி ஊருடையதா, நடுவில் மாறும் ஊருடையதா என்று அங்கேயே பாருங்கள். கடைசி ஊர் என்றால் பெட்டி இரவில் உங்களுக்குக் கிடைக்காது. மாத்திரை, ஸ்வெட்டர், மாற்று உடை, சார்ஜர் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். இரண்டு விமானங்களுக்கும் தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கும் பாஸ்போர்ட் சோதனையைக் கடந்தாக வேண்டும், அதாவது மேலே சொன்ன விசாக் கணக்கு முழுவதும் மறுபடி வருகிறது.

நகரத்தின் பெயரை நம்புவது

விமான நிலையத்தின் பெயரில் நகரம் இருந்தால் போதாது. பாரிஸ் பெயரைத் தாங்கிய போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். பிராங்பர்ட் ஹான், பிராங்பர்ட்டிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல். ஓர் இரவுக்கு எனக்குப் பிடித்தவை கோபன்ஹேகன், ஜூரிச், ஆம்ஸ்டர்டாம். மூன்றிலும் ரயில் ஏறினால் கால் மணி நேரத்துக்கு முன்பின்னாக ஊருக்குள் இருக்கலாம். கோபன்ஹேகன் மெட்ரோ 24 மணி நேரமும் ஓடுகிறது. பாரிஸின் பெரிய விமான நிலையத்துக்குப் போகும் ஆர்இஆர் ரயிலோ நள்ளிரவோடு நின்று அதிகாலையில்தான் மறுபடி கிளம்பும்.

மாலையைத் திட்டமிட்டுக் காலையை விட்டுவிடுவது

என்னிடம் யோசனை கேட்கும் எல்லோரும் இறங்கும் நேரத்திலிருந்து கணக்குப் போடுகிறார்கள். ஏறும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். விமானம் காலை 9:50 என்றால், கேட்டை 9:30 வாக்கிலேயே மூடிவிடுவார்கள். அதற்கு முன் பாதுகாப்புச் சோதனை, அதோடு ஷெங்கனை விட்டு வெளியேறும் பாஸ்போர்ட் சோதனை. தூர தேச விமானங்கள் பல காலையில் ஒரே நேரத்தில் கிளம்புவதால், வெளிநாட்டவர் வரிசை அப்போதுதான் வளைந்து வளைந்து நீளும். நான் 7:20-க்கு விமான நிலையத்தில் இருப்பேன். அப்படியானால் 5:45-க்கு எழுந்திருக்க வேண்டும். இதை எழுதிப் பார்த்த பிறகு, இரவு எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்புவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு

அன்று அதிகாலையில் ஐரோப்பாவில் கடிகாரம் மாறுகிறது. மார்ச்சில் ஒரு மணி நேரம் போய்விடும்.

ரயில் டிக்கெட்டை இயந்திரத்தில் முத்திரையிடாமல் ஏறுவது

பல ஊர்களில் அது டிக்கெட் இல்லாமல் ஏறியதற்குச் சமம். அபராதம் உண்டு.

அருங்காட்சியகத்தை நம்பிப் போவது

இறங்கி, சோதனை கடந்து, அறையில் பையை வைத்து வெளியே வரும்போது பெரும்பாலானவை மூடியிருக்கும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறன்று கடைகளும் மூடியிருக்கும். வெளிச்சத்தையும் பாருங்கள்: ஹெல்சிங்கியில் ஜூன் மாதம் இரவு பத்தரைக்கும் சூரியன் இருக்கும், டிசம்பரில் மூன்றரைக்குள் மறைந்துவிடும்.

ஊர் முழுவதையும் பார்க்க நினைப்பது

ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து நடந்து பாருங்கள். வியன்னாவில் நான் அதைத்தான் செய்தேன், அந்த மாலையில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது. புனித ஸ்டீபன் பேராலயத்தின் முன் மெட்ரோவிலிருந்து ஏறி வந்ததும் கழுத்தை நிமிர்த்தியே நின்றுவிட்டேன். கூரையில் சுமார் 2,30,000 மெருகூட்டிய ஓடுகள், நெளிநெளியான வண்ணக் கோலத்தில். பக்கத்தில் 136 மீட்டர் உயரக் கோபுரம் இருட்டுக்குள் ஏறிப் போகிறது. அங்கிருந்து கிராபன் வழியாக, கொள்ளைநோய் நீங்கியதற்காக எழுப்பிய தூணைத் தாண்டி, கோல்மார்க்ட் தெருவில் திரும்பினால் அரண்மனையின் பச்சைக் குவிமாடம் தெரியும். மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரம் ஆகாது.

அரண்மனை எதிரே இருக்கும் மிகேலர் சதுக்கத்தின் நடுவில் ஒரு பள்ளம் திறந்து கிடக்கிறது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். தோண்டி எடுத்த பழைய சுவர்கள் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தன; அவற்றில் சில, இந்த ஊர் விண்டொபோனா என்ற ரோமானியர் முகாமாக இருந்த காலத்தவை. இன்னும் ஒரு வாரத்தில் இவர்களுடைய ஊரிலேயே நிற்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, குளிரில் வெகு நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.