பழைய வீடியோ டேப் போட்டு பாக்க எந்த ஒயர் வாங்கணும்

நம்ம மலேசியா சுங்கை சிப்புட்ல இன்னும் நிறைய வீட்ல தோட்டத்து கோயில் திருவிழா, கல்யாணம்னு பழைய விஎச்எஸ் டேப் இருக்கு, அத இப்ப உள்ள டிவில போட்டு பாக்க ஒயர் வாங்கறவங்க இத கொஞ்சம் கவனிங்க. மஞ்சள் முனைதான் படம், வெள்ளையும் சிவப்பும் சத்தம். மஞ்சளுக்கு 75 ஓம் வீடியோ கேபிள்தான் வேணும், பசார் மாலாம்ல (இரவுச் சந்தையில) கிடைக்கற மெல்லிசு ஒயர்ல உள்ள ஷீல்டு (வெளி இரைச்சல தடுக்கற உறை) பெரும்பாலும் சரியா இருக்காது, படத்துல கோடு கோடா ஓடும். நீளமும் தேவைக்கு மேல வேணாம், ஒன்றரை மீட்டர் போதும்.

புது டிவில மஞ்சள் ஓட்டையே இல்லன்னா பயப்படாதீங்க, சில டிவில பச்சை ஓட்டையிலயே மஞ்சள சொருகலாம், பக்கத்துல வீடியோன்னு எழுதியிருக்கும், ஆனா மெனுவுல ஏவி தேர்ந்தெடுக்கணும், காம்பொனன்ட்ல (பச்சை, நீலம், சிவப்புன்னு மூனு ஒயர்ல படம் வர்ற முறை) விட்டா கறுப்பு வெள்ளையாதான் வரும், எங்க பாட்டி வீட்ல இப்படித்தான் டேப் கெட்டுப்போச்சுன்னு ஒரு வாரம் வருத்தப்பட்டோம். இன்னொன்னு, அந்த காம்பொனன்ட் மூனு கலர்ல உள்ள சிவப்பு படத்துக்கு, சத்தத்துக்கு உள்ள சிவப்பு வேற.

மஞ்சள சொருக இடமே இல்லாம எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வாங்கினா ஏவி டு எச்டிஎம்ஐன்னு கேட்டு வாங்குங்க, எச்டிஎம்ஐ டு ஏவின்னு மாத்தி வாங்கினா வேலையே செய்யாது. நம்ம ஊரு டேப் பெரும்பாலும் பால் (PAL)ங்கற வீடியோ முறை, அதனால கன்வெர்ட்டர்ல பால் சுவிட்ச் இருந்தா அந்தப் பக்கம் வைங்க. முனை கறுத்துப்போயிருந்தா எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு பஞ்சால துடைங்க, கழட்டும்போது ஒயர இழுக்காம தலைய புடிச்சு இழுங்க.