இன்ஜின் மாற்றிய அம்பாசிடர் ஐடிலில் உதறியது ஏன்?

எங்கள் பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் போய்விட்டதால், அதே ரகத்தில் செகண்ட்ஹேண்ட் இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டினோம். அம்பாசமுத்திரம் ரோட்டில் வேகமாகப் போனால் ஒரு குறையும் தெரியாது. வண்ணார்பேட்டையில் நெரிசலில் நின்றால் போதும், ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) வண்டியே உதறும்.

பிளக், பாயிண்ட், டைமிங் எல்லாம் பார்த்தாயிற்று. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை) 1-3-4-2 சரியாகவே இருந்தது. "கார்புரேட்டரை மாத்திருவோம் அண்ணாச்சி" என்றார் மெக்கானிக். பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற பாகம் அது; ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. பெட்ரோலைக் கூட்டும் சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் உதறல் அடங்கியதே! பெட்ரோல் கூடினால் சரியாகிறது என்றால், எங்கேயோ காற்று கூடுதலாக உள்ளே போகிறது.

எந்த சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று பார்க்க, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். 1, 2-இல் இன்ஜின் வேகம் நன்றாக இறங்கியது. 3, 4-இல் பெரிய மாற்றமில்லை, அதாவது அவை இரண்டும்தான் சரியாக வேலை செய்யவில்லை. இந்த இன்ஜினில் 3, 4 இரண்டுக்கும் இன்லெட் வழி (பெட்ரோல்-காற்றுக் கலவை உள்ளே போகும் வழி) ஒன்றுதான். இன்ஜின் சூடாகும் முன்பே, அந்த வழி இன்ஜினோடு சேரும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன்; இடைவெளி இருந்தால் தண்ணீர் அதைச் சற்று நேரம் அடைக்கும். உதறல் சட்டென்று குறைந்தது. எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் சூடான குழாய்) பக்கத்திலேயே இருப்பதால், தீப்பற்றும் ஸ்பிரே எதையும் அங்கே அடிக்கவே கூடாது.

கழற்றியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. இன்லெட் மேனிஃபோல்டு (கலவையை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்) போய்விட்ட இன்ஜினுடையது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வாங்கிய இன்ஜினோடு வந்தது. இரண்டு விளிம்பையும் ஒரே பெரிய வாஷர்தான் அழுத்திப் பிடிக்கிறது. எக்ஸாஸ்ட் விளிம்பு தடிமன் கூட. வாஷர் அதிலேயே உட்கார்ந்துவிட்டது, இன்லெட் பக்கம் கேஸ்கெட் (இணைப்பில் காற்று புகாமல் அடைக்கும் தகடு) இறுகவில்லை. அந்த வழியாகத்தான் காற்று கூடுதலாகப் போயிருக்கிறது.

அப்புறம் லேத் பட்டறையில் விளிம்புகளைச் சமமாக்கி, புது கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நட்டுகளை முறுக்கினோம். கார்புரேட்டர் பழையதேதான், பெட்ரோல்-காற்று அளவைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்குரூவை மட்டும் மறுபடி செட் செய்தோம்.