பிஎச்டி குவால்ஸ் தேர்வுக்குத் தயாராவது எப்படி? பெர்க்லியை வைத்து ஒரு விளக்கம்

அமெரிக்காவில் பிஎச்டி சேர்ந்த நம்ம ஊர்ப் பிள்ளைகள் இரண்டாம் வருஷம் தொடங்கியதும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, குவால்ஸுக்கு என்ன படிக்கணும்?" குவால்ஸ் என்பது ஆய்வேட்டு வேலைக்குள் முழுதாக இறங்கும் முன் பேராசிரியர் குழு வைக்கும் வாய்மொழித் தேர்வு. அதற்குப் படிப்பது பாதி வேலைதான். வாயைத் திறந்து பேசிப் பழகுவது மீதிப் பாதி, அதைத்தான் நம்மில் பலர் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இது குவாலிஃபையிங் எக்ஸாம், சுருக்கமாக குவால்ஸ். ஒஹையோ ஸ்டேட்டில் கேண்டிடசி எக்ஸாம் என்பார்கள், விஸ்கான்சின் மேடிசனில் பிரிலிம். ஆனால் பெர்க்லியிலேயே சில துறைகளில் பிரிலிம் என்று வேறொரு தேர்வு இருக்கிறது, அது அடிப்படைப் பாடங்களைச் சோதிப்பது, குவால்ஸுக்கு முன்பே முடிந்துவிடும். அதனால் வேறு பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் துறையின் கையேட்டை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

படி 1: கமிட்டி. பெர்க்லியில் நான்கு பேராசிரியர்கள் உட்காருவார்கள், ஒருவர் துறைக்கு வெளியே இருந்து வர வேண்டும். தேர்வுக் கமிட்டிக்குத் தலைவராக இருப்பவர் பிறகு உங்கள் ஆய்வேட்டுக் கமிட்டிக்குத் தலைவராக இருக்க முடியாது, அதாவது உங்கள் அட்வைசர் (ஆய்வு வழிகாட்டி) இந்தத் தேர்வுக்குத் தலைமை தாங்க மாட்டார். நல்ல விதி இது. நான்கு பேரும் சேர்ந்து இருக்கக்கூடிய ஒரு நாளைப் பிடிப்பது மாதக்கணக்கில் இழுக்கும், ஆகவே மின்னஞ்சலை இன்றே தொடங்குங்கள்.

படி 2: தலைப்புகள். தேர்வுக்கான விண்ணப்பத்தில் குறைந்தது மூன்று பாடப்பகுதிகளைக் குறிப்பிட வேண்டும். எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பேராசிரியரையும் நேரில் போய்ப் பார்த்து, "இந்தப் பகுதியில் நான் எதுவரை தெரிந்து வைத்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். இங்கே அது வழக்கம், பலர் படிக்க வேண்டிய கட்டுரைகளைக்கூடச் சொல்லிவிடுவார்கள்.

படி 3: ஒத்திகை. இதற்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வு பற்றி ஆய்வு செய்த ஒரு தங்கைக்கு நாங்கள் மூன்று பேர் ஒத்திகை வைத்தோம். ஸ்லைடு எல்லாம் அருமை. நடுவில் ஒருவர், "கடல்நீரை அந்தச் சவ்வு வழியாகத் தள்ள ஏன் இவ்வளவு அழுத்தம் வேண்டும்?" என்று கேட்டார். சவ்வூடு பரவல் அழுத்தத்தை (உப்புநீர் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும் அழுத்தம்) மீற வேண்டும், அது ஏறத்தாழ 27 வளிமண்டல அழுத்தம் என்று டக்கென்று பதில் வந்தது. சரி, அந்த எண்ணைப் போர்டில் கணக்கிட்டுக் காட்டு என்றோம். லிட்டருக்கு 0.6 மோல் உப்பு என்று போட்டார், அதை வாயு மாறிலியாலும் வெப்பநிலையாலும் பெருக்கினார், 15 வந்தது. கையில் மார்க்கருடன் அப்படியே நின்றுவிட்டார். ஒரு நிமிடம் போனதும் தானாகவே, "உப்பு தண்ணீரில் இரண்டு அயனியாகப் பிரியும், நான் பாதியைத்தான் எண்ணியிருக்கிறேன்" என்று சொல்லி இரண்டால் பெருக்க, 29-க்கு அருகில் வந்தது. தோராயக் கணக்குக்கு அது போதும்.

அந்த ஒரு நிமிட மௌனம்தான் தேர்வறையில் உங்களைக் கலங்கடிக்கும். அந்த நேரத்தில் மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லுங்கள்: "இந்த விடை சிறியதாகத் தெரிகிறது, செறிவைச் சரிபார்க்கிறேன்." நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று பார்க்கத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். தனியறையில் இருபது கட்டுரை படித்தாலும் இது வராது, குறைந்தது மூன்று ஒத்திகையாவது வேண்டும், அதில் ஒன்றில் உங்கள் ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் கேள்வி கேட்க வேண்டும்.

படி 4: தேர்வு நாள். இரண்டு மூன்று மணி நேரம் போகும். தொடங்குவதற்கு முன் உங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவர்கள் பேசிக்கொள்வார்கள், முடிந்ததும் அதேபோல. அதில் பயப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் அப்படித்தான். ஒரு பகுதியில் மட்டும் தேறவில்லை என்றும் முடிவு வரலாம், இன்னொரு முறை முயல வாய்ப்புண்டு, மூன்றாவது முறை கிடையாது.

படி 5: படிவம். தேறிய மகிழ்ச்சியில் பலர் மறப்பது இதை. தேறினால் மட்டும் கேண்டிடேட் (ஆய்வேட்டுக் கட்டத்துக்கு முறைப்படி ஏற்கப்பட்டவர்) ஆகிவிட மாட்டீர்கள், அதற்குத் தனியாக விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு இதில் பெரிய பணம் இருக்கிறது: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் வருஷத்துக்கு 15,000 டாலர் அளவில் வரும், கேண்டிடேட் ஆன அடுத்த பருவத்திலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அது தள்ளுபடி. அந்தக் கட்டணத்தைத் துறையோ அட்வைசரோ கட்டிக்கொண்டிருந்தாலும் கணக்கு அதேதான். ஆகவே தேர்வு முடிந்த வாரத்திலேயே படிவத்தைக் கொடுத்துவிடுங்கள், பருவம் தாண்டினால் அரை வருஷக் கட்டணம் வீணாகப் போகும்.